எப்படி அவுட்டானீர்கள்? அதை வைத்து என்ன பந்து என்று கண்டுபிடிப்பது

மேட்ச் முடிந்து, தேயிலைக்குள் போன பந்தையும் தேடி எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்ததும் தம்பிமார் சொல்கிற கதை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, அவன் தூஸ்ரா போட்டான்ணே, அதான் போல்ட்." தூஸ்ரா என்றால் ஓஃப் ஸ்பின் மாதிரி வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து. டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன் பிறந்த கண்டி பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பேர் எல்லோர் வாயிலும் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்துப் போட்டிகளில் விக்கெட்டைப் பறிப்பது அநேகமாகத் திரும்பாத பந்து, நேராக வந்த பந்து. திரும்பும் என்று நினைத்து ஆடியதுதான் கோளாறு. அதனால் கீழே எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்: முதலில் எப்படி அவுட்டானீர்கள், அப்புறம் இன்றைக்கே காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம், கடைசியில் காசும் மாதக்கணக்கான பயிற்சியும் கேட்கிற காரணம். முதல் காரணத்தைச் சோதிக்காமல் கடைசிக்குத் தாவ வேண்டாம்.

எல்லாம் வலது கை துடுப்பாட்டக்காரருக்கு எழுதியது. உள்ளே என்றால் உங்கள் காலை நோக்கி, வெளியே என்றால் ஸ்லிப் பக்கம். இடது கைக்காரர்கள் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்

பந்து எங்கே திசை மாறியது, காற்றிலா, தரையில் குத்திய பிறகா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. காற்றிலேயே வளைந்தால் ஸ்விங், மெதுவான பந்தாக இருந்தால் டிரிஃப்ட். குத்திய பிறகு மாறினால் சுழல், இல்லாவிட்டால் கட்டர் (விரலால் பந்தின் ஓரத்தை வெட்டிப் போடுவது), அதுவும் இல்லாவிட்டால் தரையின் வேலை. இரண்டு இடத்திலும் மாறவில்லை என்றால் அது நேர்ப்பந்து, மேற்கொண்டு தேட வேண்டாம். உங்களுக்கே தெரியவில்லை என்றால் எதிர்முனையில் நின்றவரைக் கேளுங்கள். அவரும் ஓட்டம் எடுப்பதிலேயே கவனமாக இருந்திருந்தால் கீப்பரைக் கேளுங்கள், எதிரணிக் கீப்பராக இருந்தாலும் மேட்ச் முடிந்த பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்.

அடுத்தது, என்ன பந்து. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம் வரைதான் இருக்கும், லெதர் பந்து 155.9 முதல் 163 கிராம். மென்பந்தைக் காற்று இஷ்டத்துக்கு ஆட்டும், லெதரை அப்படி ஆட்ட முடியாது. தையலைப் பார்த்து அடையாளம் காண்கிற வழிகள் எல்லாம் லெதருக்குத்தான். டென்னிஸ் பந்தில் அந்தத் தையல் கிடையாது, அங்கே கையை மட்டும்தான் நம்ப முடியும்.

தரையையும் பாருங்கள். மெட் (பாய்) விரித்த பிட்சில் சுழல் நன்றாகப் பிடிக்கும், பந்து உயரவும் எழும்பும். வெறும் கொங்கிரீட் மழையில் நனைந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். மெட்டின் ஓரம் சுருங்கி மடிந்திருந்தால் உலகத்தில் பேரே இல்லாத பந்துகள் எல்லாம் வரும், அதற்குப் பந்துவீச்சாளரைக் குறை சொல்ல வேண்டாம், ஆணியை இழுத்து அடியுங்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு உங்களிடம் வர அரை நொடிதான், 80 கிலோமீட்டரில் வரும் சுழற்பந்துகூட ஒரு நொடிக்குள் வந்துவிடும். பாதி வழி வந்த பிறகு பந்தைத் தேடினால் அடையாளம் காண நேரமே இல்லை. ஓடிவருகிறவரின் முகத்தையும் காலையும் விட்டுவிட்டு, கை மேலே வந்து பந்தை விடுகிற அந்த இடத்தில் கண்ணை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருங்கள்.

## அறிகுறி 1: துடுப்புக்கும் காலுக்கும் நடுவே புகுந்து போல்ட்

அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

### பந்து திசை மாறவே இல்லை

முதலில் இதைச் சோதியுங்கள். முன்கால் பந்தின் பக்கத்தில் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், நேர்ப்பந்துக்கும் அந்த இடைவெளி வழியே போக வழி இருக்கிறது. பந்து குத்திய தடத்தைப் பாருங்கள். ஈரமான பிட்சில் லெதர் பந்தின் அச்சு தெளிவாக விழும். அந்த அச்சிலிருந்து விழுந்த ஸ்டம்ப்புக்கு மனதால் ஒரு கோடு இழுங்கள், இன்னொரு கோட்டைப் பந்துவீச்சாளர் பந்தை விட்ட இடத்திலிருந்து அச்சுக்கு இழுங்கள். இரண்டும் ஒரே கோடாக இருந்தால் பந்தில் ஒன்றும் இல்லை, கால்தான். கிரீஸின் ஓரத்தில் அகலமாக நின்று போட்டால் நேர்ப்பந்தும் உள்ளே வருவதுபோலத்தான் தெரியும், அது கோணம், சுழல் இல்லை.

### குத்திய பிறகு உள்ளே வந்தது, விரலால் சுழற்றுகிறவர்

இது ஓஃப் ஸ்பின். கதவுக் குமிழை வலது கையால் வலப்பக்கம் திருகுகிற மாதிரி விரல்கள் பந்தின் பக்கவாட்டில் இறங்கும். லெதர் பந்தில் தையல் லெக் ஸ்லிப் பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டே வருவது தெரியும். காற்றில் முதலில் கொஞ்சம் வெளியே நகர்ந்து அப்புறம் குத்தி உள்ளே வருவதுதான் நல்ல ஓஃப் ஸ்பின்னின் குணம். அந்த வெளி நகர்வை நம்பித் துடுப்பை வெளியே கொண்டுபோனவர்களுக்குத்தான் வாசல் திறந்துகொள்கிறது.

சோதனை: கைத்தொலைபேசியில் ஸ்லோ மோஷன் வைத்து அம்பயர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு ஓவரைப் படம்பிடியுங்கள். வளைவு இரண்டு பக்கமும் இருந்தால் இதுதான்.

### குத்தும் முன்பே உள்ளே வந்தது

இன்ஸ்விங். லெதர் பந்தில் தையல் நிமிர்ந்து நின்று ஃபைன் லெக் பக்கம் காட்டும், பளபளப்பான பக்கம் ஓஃப் பக்கம் இருக்கும். பந்து கையில் இருக்கும்போதே சில பேர் அந்தப் பளபளப்பு தெரியும்படி பிடிப்பார்கள், எதிர்முனையில் நிற்கும்போது பார்த்துவைத்துக்கொள்வது உங்கள் உரிமை. டென்னிஸ் பந்தில் ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டியிருந்தால் ஸ்விங் பெரிதாக இருக்கும். டேப் பக்கம் எந்தக் கையில் வருகிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை உங்கள் மைதானத்தில் உங்கள் பந்தில் எறிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், டேப் புதிதா பழையதா என்பதற்கே கதை மாறும்.

### லெக் ஸ்பின் கையிலிருந்து வந்து உள்ளே திரும்பியது

கூக்ளி. கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. இருந்தாலும் இலங்கை அணியின் லெக் ஸ்பின்னர் வனிந்து ஹசரங்கவைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் வலையில் முயற்சி செய்யாமல் இல்லை. லெக் ஸ்பின் (மணிக்கட்டால் சுழற்றி வெளியே திருப்புவது) போடும்போது பந்தை விடும் கணத்தில் கையின் ஓரம் உங்களுக்குத் தெரியும், கூக்ளிக்குப் புறங்கை முழுதாக உங்களைப் பார்க்கும். பந்து கையை விட்டுக் கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்புவது இன்னொரு அடையாளம். தோளும் வழக்கத்தைவிடக் கீழே சாயும் என்று சிலர் சொல்வார்கள், ஆளுக்கு ஆள் மாறும், அதை நம்பி ஆட வேண்டாம்.

இதைக் கையிலிருந்து படிக்கப் பழக ஒரே வழி, கூக்ளி போடத் தெரிந்த ஒருவர் எதிரே நின்று மீண்டும் மீண்டும் போட்டுக் காட்டுவது. உங்கள் அணியில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பயிற்சியாளரிடம் போக வேண்டிய இடம் இது.

## அறிகுறி 2: விளிம்பில் பட்டுக் கீப்பரிடம் அல்லது ஸ்லிப்பில் பிடி

### ஆட வேண்டிய பந்தே இல்லை

விட்டிருந்தால் கீப்பரிடம் சும்மா போயிருக்கும். ஓஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றால் எல்லாப் பந்தும் ஆட வேண்டிய பந்தாகத்தான் தோன்றும். கார்ட் (கிரீஸில் நிற்கும் இடம்) எடுத்த பிறகு தலையைக் குனிந்து பார்த்து, கண் எந்த ஸ்டம்ப்புக்கு மேலே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண் ஓஃப் ஸ்டம்ப்புக்கு மேலே இருந்தால், கண்ணுக்கு வெளியே போவதை விடலாம்.

### இடது கைப் பந்துவீச்சாளரின் கோணம்

இதை ஸ்விங் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். இடது கை வேகப்பந்து ஓவர் த விக்கெட்டில் (பந்து போடும் கை ஸ்டம்ப் பக்கம் இருக்கும்படி) வந்தால், வளையாவிட்டாலும் உங்களைக் கடந்து வெளியே போகும். சமிந்த வாஸ் அந்தக் கோணத்தில் ஒன்றைப் போக விட்டு, அதே இடத்திலிருந்து இன்னொன்றை உள்ளே வளைப்பார். 2003 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராக மேட்ச்சின் முதல் மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தவர் அவர். கோணத்துக்கு மருந்து, கார்டைக் கொஞ்சம் மாற்றித் தோளை மேலும் திறந்து நிற்பது.

### காற்றில் வெளியே போனது

அவுட்ஸ்விங். தையல் ஸ்லிப் பக்கம் காட்டும், பளபளப்பு லெக் பக்கம். புதுப் பந்தில்தான் அதிகம். நனைந்த புல்லில் உருண்டு வந்த லெதர் பந்து பளபளப்பை இழந்துவிடும், அப்புறம் ஸ்விங் குறைந்துவிடும், அதனால் தூறல் விழுந்த பிறகு இந்தச் சந்தேகம் வேண்டாம்.

பழைய பந்து ரிவர்ஸ் ஆனது, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைந்தது என்று சொல்கிறவர்களுக்கு: அதற்கு ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்த பந்தும், நல்ல வேகமும் வேண்டும். அந்த வேகத்தில் போடுகிற ஒருவர் உங்கள் தோட்டத்து டிவிஷனில் இருந்தால் அவரைத் தெரிவுக்கு அனுப்புங்கள், மலையகத்திலிருந்து வேகப்பந்து வீச்சாளர் மேலே வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

### குத்திய பிறகு வெளியே போனது

யார் போட்டார் என்பதைப் பொறுத்து இது பிரியும்.

இடது கைச் சுழல் என்றால் அவருடைய சாதாரணப் பந்தே வெளியேதான் போகும், அதில் மர்மம் ஒன்றுமில்லை. ரங்கன ஹேரத் டெஸ்ட்டில் 433 விக்கெட் எடுத்தது பெரும்பாலும் இந்தப் பந்தையும், இது திரும்பும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேரே போட்ட பந்தையும் வைத்துத்தான்.

வலது கை லெக் ஸ்பின் என்றாலும் இதே கதை. காற்றில் உங்கள் காலை நோக்கி நகர்ந்து, குத்தி வெளியே போகும். தையல் ஸ்லிப் பக்கம் சாய்ந்து சுற்றும்.

ஓஃப் ஸ்பின் கையிலிருந்து வந்து வெளியே போனால் மட்டும்தான் தூஸ்ரா அல்லது கேரம் பந்து என்ற பேச்சுக்கு இடம். தூஸ்ராவுக்கு விடும் கணத்தில் புறங்கை உங்களைப் பார்க்கும், ஓஃப் ஸ்பின்னுக்கு அப்படித் தெரியாது. கேரம் பந்துக்கு நடுவிரல் மடிந்து பந்துக்குப் பின்னால் இருக்கும், கட்டைவிரலோடு சேர்த்துச் சுண்டுவார்கள், மணிக்கட்டு சுழலவே சுழலாது. 2008 ஆசியக் கிண்ண இறுதியில் கராச்சியில் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்தபோது இந்தியத் துடுப்பாட்டக்காரர்களே கையைப் பார்த்துக் குழம்பினார்கள், ஆகவே ஒரு தடவை ஏமாந்ததற்கு வருத்தப்பட வேண்டாம். டென்னிஸ் பந்தில் சுண்டிப் போடுவது லெதரைவிட லேசு, அதனால் மென்பந்துப் போட்டியில் தூஸ்ராவைவிடக் கேரம் பந்தைத்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும்.

சோதனை: டென்னிஸ் பந்தை எடுத்து நடுவாக ஒரு கறுப்பு மார்க்கர் கோடு சுற்றிலும் வரையுங்கள். கோடு நேராக உங்களை நோக்கி உருண்டால் டொப் ஸ்பின், வலப்பக்கம் சாய்ந்து உருண்டால் வெளியே போகும், இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளே வரும். கோடு ஒரே கறுப்பு மங்கலாகத் தெரிந்தால் பந்துவீச்சாளர் சரியாகச் சுழற்றவில்லை. வலையில் துடுப்பைத் தூக்காமல் நின்று, பந்து குத்தும் முன் "உள்ளே", "வெளியே", "நேர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் இதைவிட வேகமாகக் கண்ணைப் பழக்குகிற வழியை நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 3: காலில் பட்டு எல்பிடபிள்யூ

காலில் கட்டிய பேட்ஸைக் கழற்றிப் பாருங்கள். லெதர் பந்தின் சிவப்புக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதிப் பதில்.

கறை முழங்காலை ஒட்டி, குறுக்கே ஆடப் போனபோது பட்டது: பந்து நேரே வந்தது, துடுப்பு நேரே வரவில்லை. செலவே இல்லாத திருத்தம், ஆனால் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

கறை கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே: பந்து தாழ்ந்து வழுக்கியிருக்கிறது. மழை விட்டுத் தொடங்கிய மேட்ச் என்றால் தரையைச் சந்தேகியுங்கள். தரை காய்ந்திருந்தும் லெக் ஸ்பின்னர் போட்டு இப்படி ஆனால் ஸ்லைடர் அல்லது ஃபிளிப்பர், அதாவது பின்பக்கமாகச் சுழன்று வரும் பந்து, குத்திய பிறகு எழும்பாமல் விரையும். விடும்போது விரலுக்கு அடியிலிருந்து பிழிந்து தள்ளுகிற மாதிரி தெரியும், பந்தின் பாதையும் தட்டையாக இருக்கும்.

கறை உள்காலில், சுழற்பந்து வெளியே திரும்பும் என்று விட்டபோது பட்டது: ஆர்ம் பந்து. இடது கைச் சுழற்பந்தில் சகஜம். தையல் சுழலாமல் நிமிர்ந்து நின்று வரும், வேகம் கொஞ்சம் கூடும். சுழற்பந்து வீச்சாளரின் கையிலிருந்து வரும் பந்தில் தையல் கோடாகத் தெளிவாகத் தெரிந்தால், அதை ஆடாமல் விட வேண்டாம், துடுப்பை முன்னால் கொண்டுபோங்கள்.

இந்த அறிகுறிக்குப் பயிற்சியாளர் அநேகமாகத் தேவைப்படாது.

## அறிகுறி 4: ஓங்கி அடித்தால் நேரே மேலே எழும்பிப் பிடி

மைதானம் சிறியது, எல்லைக்கோடு தேயிலைச் செடி, அதனால் எல்லோருக்கும் ஆசை வருகிறது. காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

பந்து வரும் முன்பே அடித்தீர்களா? ஆம் என்றால் அது ஸ்லோ பந்து. கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் பின்தங்கும். புறங்கை தெரிந்தால் பின்கை ஸ்லோ, விரல்கள் பந்தின் ஓரத்தை வெட்டி இறங்கினால் கட்டர், விரல் முட்டி மடிந்து நகம் பந்தின் மேல் இருந்தால் நக்கிள் பந்து. நக்கிள் பந்து பேஸ்போலிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்தது, கிட்டத்தட்டச் சுழலே இல்லாமல் மிதந்து வரும், மார்க்கர் கோடு வரைந்த டென்னிஸ் பந்தில் போட்டால் கோடு நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

பந்து உங்கள் கண் மட்டத்துக்கு மேலே போய்த் திடீரென்று விழுந்ததா? டொப் ஸ்பின். நீங்கள் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே குத்தி, எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பும். பேஸ்போலில் கேர்வ் (வளைந்து விழும் பந்து) போடுகிறவர்கள் செய்வதும் இதே முன்சுழல்தான், அங்கே தரையில் குத்தாததால் விழுவது மட்டும் தெரியும். இறங்கி ஆடப் போகிறவர்கள் இந்தப் பந்தில்தான் பந்து குத்தும் இடத்துக்குப் போய்ச் சேராமல் நடுவில் மாட்டுகிறார்கள். கண் மட்டத்துக்கு மேலே போன பந்து எல்லாம் இறங்கி அடிக்க வந்த அழைப்பு என்று நினைக்காதீர்கள், முதல் இரண்டு மூன்றை நின்ற இடத்திலிருந்தே தடுத்து, எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இரண்டும் இல்லை, பந்து நேராகச் சாதாரணமாகத்தான் வந்தது என்றால் துடுப்பின் பாரத்தைப் பாருங்கள். பெரியவர்களின் துடுப்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்து ஆடுவது நம் பக்கத்தில் வழக்கம், வீட்டில் ஒன்றுதானே இருக்கும். மேல் கையால் மட்டும் பிடித்து நேரே தூக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியாவிட்டால் அந்தத் துடுப்பு அவனுக்குப் பாரம். புதுத் துடுப்புக்குச் செலவு உண்டு, அதற்கு முன் சின்ன துடுப்பை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள்.

## அறிகுறி 5: கால் விரலடியில் போல்ட்

யோர்க்கர் என்பது பந்தின் வகையைவிட அது விழும் இடம். ஆனால் போடுகிறவர் கையைத் தாழ்த்தி எறியீட்டிபோல் சுழற்றினால் அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும், ஏனென்றால் நீங்கள் மேலே தேடுகிறீர்கள், பந்து அம்பயரின் நெஞ்சுக்கு முன்னாலிருந்து கிளம்புகிறது. 2019 செப்டம்பரில் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக லசித் மாலிங்க நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார், நாலும் போல்ட் அல்லது எல்பிடபிள்யூ, ஒரு பிடிகூடக் கிடையாது.

செய்ய வேண்டியது: அவர் ஓடிவரும்போதே கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள், தலைக்கு மேலே பார்க்க வேண்டாம். அம்பயர் வெள்ளைச் சட்டை போட்டிருந்து பந்தும் வெள்ளை என்றால் முன்பே சொல்லுங்கள், வேறு நிற ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், எப்படியும் குளிருக்குப் போடுவதுதானே. துடுப்பை உயரத் தூக்கி நிற்கிறவர்கள் அந்த உயரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 6: உள்ளூரில் எல்லாம் விளங்குகிறது, கொழும்புக்குப் போனால் பந்து வேறு மாதிரி வருகிறது

இது உங்கள் மனப்பிரமை இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்று கொழும்பைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு மெலிந்தது, அதனால் பந்து காற்றில் வளைவதும் நகர்வதும் விழுவதும் குறைவு, அடித்தால் தூரமாகவும் போகும். அமெரிக்காவில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்து பேஸ்போல் மைதானத்தில் கேர்வ் பந்து சரியாக வளைவதில்லை என்று எறிகிறவர்கள் வருஷக்கணக்காக முறையிடுகிறார்கள், 2002இலிருந்து அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்துத்தான் விளையாட்டுக்கு எடுக்கிறார்கள். நுவரெலியா டென்வரைவிட உயரம்.

ஆகவே கீழே போனால் முதல் சில ஓவர்கள் பந்து இரண்டு விதத்தில் ஏமாற்றும்: ஸ்விங் நீங்கள் பழகியதைவிட அதிகமாக இருக்கும், சுழற்பந்து நினைத்த இடத்துக்கு முன்னாலேயே விழும். போட்டிக்கு முதல் நாள் போய் ஒரு வலைப் பயிற்சி செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், மைதானத்து ஓரத்தில் புதுப் பந்தை ஒருவரை வீசச் சொல்லி வெறுமனே நின்று பாருங்கள். மைதானத்தில் மூடுபனி இறங்கும்போது காற்று கனத்துப் பந்து அதிகம் வளையும் என்கிற பேச்சை நம்ப வேண்டாம், ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கனமானது இல்லை.

## அறிகுறி 7: பந்தே தெரியவில்லை

இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் பந்து தெரிந்தால்தான்.

பின்னணியை முதலில் பாருங்கள். தோட்டத்து மைதானத்தில் சைட் ஸ்கிரீன் (பந்து தெளிவாகத் தெரிய வைக்கும் திரை) இருக்காது, பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால் கரும்பச்சை மலைதான். தேய்ந்து கறுத்த சிவப்புப் பந்து அதில் மறைந்துபோகும். இரண்டு மூங்கில் நட்டு ஒரு வெள்ளைப் படங்கு கட்டினால் போதும். சிவப்புப் பந்துக்கு வெள்ளைப் படங்கு, வெள்ளைப் பந்துக்குக் கறுப்புப் படங்கு. மஞ்சள் டென்னிஸ் பந்து பச்சையில் ஓரளவு தெரியும், நனைந்து மண் ஏறியதும் தெரியாது, மாற்றுங்கள்.

அப்புறம் வெளிச்சம். பின்னேரம் பனி இறங்கி, எதிர்முனை ஸ்டம்ப்பின் மூன்று கம்பும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வந்தால் லெதர் பந்து ஆட்டத்தை நிறுத்துங்கள். தோற்கிற அணி சாக்கு சொல்கிறது என்று யாரும் சொல்லட்டும்.

பின்னணியும் வெளிச்சமும் சரி, மற்றவர்களுக்குத் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண். ஒரு கண்ணைப் பொத்தி, தூரத்தில் உள்ள பெயர்ப்பலகையை வாசியுங்கள், பிறகு மற்றக் கண்ணைப் பொத்தி அதையே வாசியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அல்லது தையலை வலையில்கூட ஒருபோதும் பார்த்ததே இல்லை என்றால், அரச ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போங்கள். சோதனைக்குக் காசு இல்லை, கண்ணாடி வாங்கத்தான் செலவு. "இவனுக்கு ஆட வராது" என்று ஒதுக்கி வைக்கப்படுகிற பிள்ளைகளில் கண்ணாடி மட்டுமே தேவைப்பட்டவர்கள் உண்டு. அணியை நடத்துகிற பெரியவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள், ஒரு பிள்ளையை வெளியே உட்கார வைக்கும் முன் கண்ணைச் சோதித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 8: "அவன் எறிகிறான்"

இதை வெறுங்கண்ணால் தீர்க்க முடியாது. முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பதுதான் சர்வதேச விதி, அதை அளக்க ஆய்வுகூடமும் கமராக்களும் வேண்டும். முரளியை 1995இல் மெல்பேர்ன் டெஸ்ட்டில் நோபோல் கொடுத்து அவமானப்படுத்தினார்கள், பிறகு ஆய்வுகூடத்தில் சோதித்துத்தான் அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது என்று தெரிந்தது. நம் ஊர்ப் பையனைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லும் முன் ஒரு தடவை யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் அம்பயரிடம் தனியாகச் சொல்லுங்கள், மைதானத்தில் கத்த வேண்டாம், பையன் சின்னவன் என்றால் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் சேரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

## எப்போது பயிற்சியாளரிடம் போவது, எப்போது டாக்டரிடம்

ஒரே விதத்தில் தொடர்ந்து அவுட்டாகிறீர்கள், மேலே உள்ள காசில்லாத காரணங்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, வலையில் "உள்ளே, வெளியே" சரியாகச் சொல்கிறீர்கள், ஆனால் கால் மட்டும் தப்பான இடத்துக்குப் போகிறது என்றால் பயிற்சியாளரிடம் போகலாம். போகும்போது அம்பயர் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்று, பக்கவாட்டிலிருந்து எடுத்தது ஒன்று, நல்ல பந்தை நன்றாக ஆடியதும் அதில் இருக்கட்டும். அவுட்டானதை மட்டும் காட்டினால் அவரால் ஒப்பிட முடியாது. பந்து கையிலேயே அடையாளம் தெரியவில்லை என்றால் அதையும் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் காலைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

பந்து தலையில் பட்டால், ஹெல்மட் போட்டிருந்தாலும் சரி, டென்னிஸ் பந்து இல்லாதவரை அன்றைக்கு ஆட்டம் அவருக்கு முடிந்தது. தலைசுற்று, வாந்தி, மங்கலான பார்வை, குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம் இதில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்க நேரமாகும், அதனால் அறிகுறி வரட்டும் என்று மேட்ச் முடியும்வரை காத்திருக்காமல் வாகனத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அன்றிரவு அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.